டீயெல் கூட்டம்

நுவார்க் விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி, எதற்காக வந்திருக்கிறாய் என்று கேட்டார். சாவுக்கு என்றேன். யாருடைய சாவு என்றார். தங்கை புருஷன் என்றேன். பெயர் என்ன என்றார். அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. ராபர்ட் டீயெல். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் அது. வாயால் சொன்னால் டீயெல். எழுதினால் டி, ஏ, எல், இசட், ஐ, ஈ, எல். எழுத்துக்கூட்டி வாசிக்கிற எவனும் டால்ஸியல் என்றுதான் சொல்வான். நான் சரியாகச் சொன்னால் அதிகாரியின் கணினியில் இருப்பதோடு ஒட்டாது. எழுதியிருக்கிறபடி சொன்னால் செத்தவனுக்கு மரியாதையில்லை. கடைசியில் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். உடலை வைத்திருக்கும் ஃப்யூனரல் ஹோம்காரர்கள் அனுப்பிய கடிதம். அவர் அதைப் பார்த்து, "டால்ஸீல்" என்று வாசித்து, வருத்தம் தெரிவித்து, முத்திரை குத்தினார். அந்த நாட்டில் நான் முதலில் கேட்டதே மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாகத்தான்.

எனக்கு ஈரோட்டில் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிப்போம். ஊரில் பாதிப் பேருடைய நல்லதும் கெட்டதும் எங்கள் மிஷினில் ஓடித்தான் வெளியே போகிறது. என் ஒரே தங்கை கயல்விழி நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். மகள் மீராவுக்குப் பதினொரு வயது. பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை, வாசலில் விழுந்த பனியை மண்வெட்டி போன்ற ஒன்றால் அள்ளிக்கொண்டிருந்த ராபர்ட் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். நெஞ்சுவலி. அவ்வளவுதான்.

செய்தி வந்ததும் அம்மா அழுது முடித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "சாமி, போயி என்ர புள்ளையையும் பேத்தியையும் கூட்டியாந்துரு. அந்தப் பனிக்குள்ள அவுங்க ரெண்டு பேரு மட்டும் என்ன பண்ணுவாங்க?" பிறந்த வீட்டுக் கோடி என்று சந்தன நிறத்தில் ஒரு புடவையையும் பையில் வைத்தாள். புருஷன் இறந்தால் அண்ணன் தம்பி கோடி எடுத்துப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோடியைக் கொடு, ஆளைக் கூட்டிக்கொண்டு வா. இதுதான் நான் போன வேலை.

விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக செந்தில் வந்திருந்தான். பெருந்துறைக்காரன், கயல் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால் கார் உயிர்பெறவில்லை. குளிரில் பேட்டரி படுத்துவிட்டதாம். அவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போன் போட்டுக்கொண்டிருக்க, நான் அச்சகத்துப் பையன் இரவல் கொடுத்த ஜெர்கினுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றேன். மூக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் வண்டி எடுக்க வந்த ஒரு சீக்கியப் பெரியவர் கேபிள் போட்டு உயிர் கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

"ஸாரிங்ணா," என்றான் செந்தில், ஃப்ரீவேயில் ஏறியதும். "ராபர்ட் இருந்திருந்தா ஒரு கால் பண்ணுனாப் போதும், அஞ்சு நிமிஷத்துல வந்துருப்பாரு. எங்க தெருவுல யாரு வண்டி ஸ்டார்ட் ஆகலீன்னாலும் அவருதான். இப்ப யாருக்கு கால் பண்றதுன்னே தெரியலீங்ணா." இருபக்கமும் இலையில்லாத மரங்கள். வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. நம் ஊரில் வெயிலுக்கு இந்த அளவுக்கு ஏமாற்றத் தெரியாது.

கயலின் வீட்டு வாசல் முழுக்க வெள்ளை. அதில் பாதி மட்டும் அள்ளப்பட்டிருந்தது. மீதிப் பாதியை யாரும் தொடவில்லை. ராபர்ட் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நின்றிருந்தது. அக்கம்பக்கத்தார் அள்ள வந்தபோது கயல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

அவள் கதவைத் திறந்து, "வாங்ணா," என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், கையில் பெட்டியோடு, காலணியைக் கூடக் கழற்றாமல் நின்று அழுதேன். மீரா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நாம் பேசும் தமிழ் எல்லாம் புரியும், ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். "மாமா, ஷூ ஈரமாக இருக்கிறது, வழுக்கிவிடும்," என்றாள்.

சமையலறை மேடை முழுக்க அலுமினியத் தட்டுகள். புளியோதரை, தயிர் சாதம், லெமன் சாதம், தக்காளி சாதம். அந்த ஊரிலிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முறை போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதைக் கடல் தாண்டியும் விடவில்லை. ராபர்ட்டின் அம்மா மார்கரெட் அவர் பங்குக்கு வெண்ணெய் பிஸ்கோத்து ஒரு டப்பா செய்து வைத்திருந்தார். எண்பதை நெருங்கும் மனுஷி, ஒல்லி, நேரான முதுகு. மகனைப் பறிகொடுத்தவர் என் தட்டில் பிஸ்கோத்து வைத்துவிட்டு, பயணம் எப்படி என்று கேட்டார். நம் ஊரில் இப்படி ஒரு தாயைப் பார்த்தால் நெஞ்சழுத்தக்காரி என்று பேசியிருப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் பேச்சு அந்தப் பெயருக்குப் போனது. விமான நிலையத்தில் நடந்ததைச் சொன்னேன். மார்கரெட் சிரித்தார். "என் புருஷன் ஐம்பது வருடம் திருத்திக்கொண்டே இருந்தார். மூத்த மகன் அலுத்துப்போய் டால்ஸீல் என்றே வைத்துக்கொண்டான். ராபர்ட்தான் விடவில்லை," என்றார். "டி, எல். இரண்டே எழுத்து. அவ்வளவுதான் மாமா," என்றாள் மீரா.

ராபர்ட் அந்தப் பெயரின் கதையை எனக்குச் சொன்னது கல்யாணத்துக்கு முந்தைய வாரம், என் அச்சகத்தில் நின்றுகொண்டு. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் மூன்று என்ற எண்ணைப் போல ஓர் எழுத்து இருந்ததாம், கிட்டத்தட்ட யகரம் போல ஒலிப்பது. அச்சு வந்தபோது வெளியூரிலிருந்து வாங்கிய எழுத்துகளில் அது இல்லை. பார்க்க அதே மாதிரி இருக்கிறதென்று அச்சுக்காரன் இசட்டைச் செருகிவிட்டான். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அச்செழுத்தைக் கையால் கோத்த காலத்தில் ஸ்ரீ தீர்ந்துபோனால் நாங்கள் சத்தமில்லாமல் திரு போட்டு அனுப்பியிருக்கிறோம். "உங்கள் தங்கையின் பெயரிலும் இசட் இருக்கிறது, அதுவும் இசட் இல்லை," என்றார் ராபர்ட். ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதும் ழகரத்தைச் சொன்னார். அவரும் கயலும் ஆபீஸில் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே அதைப் பற்றித்தானாம். ஒன்று சொல்ல வேண்டும்: கயல்விழி என்று அவர் சுத்தமாகச் சொல்வார். எங்கள் அம்மா இன்றைக்கும் கயல்விளிதான்.

டீயெல் என்பதற்குப் பொருள் என்னவென்று அன்று கேட்டேன். வெள்ளை வயல் என்று படித்தவர்கள் சொல்வார்கள், ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றார். எங்கள் பக்கத்தில் வெள்ளோடு என்று ஓர் ஊர் இருக்கிற மாதிரி என்று நான் சொல்ல, அதைக் குறித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டுக்கொண்டார். வெள்ளை வயல் என்று பொருள் சொன்ன மனிதர் வெள்ளையாகக் கிடந்த வாசலில் விழுந்து செத்துப்போனார். இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதுதான். மனது கேட்டால்தானே.

மேசையில் மார்கரெட் வேறு பொருள் சொன்னார். படித்தவர்கள் ஒப்புக்கொள்ளாத பொருள், வீட்டில் வழிவழியாகச் சொல்வது. ஒரு ராஜாவின் சொந்தக்காரனை எதிரிகள் தூக்கில் போட்டுவிட்டார்கள். பிணத்தை இறக்கிக்கொண்டு வர யாருக்கும் தைரியம் இல்லை. ஒருவன் மட்டும், நான் துணிகிறேன் என்று சொல்லிப் போய் இறக்கினான். அவன் சொன்ன சொல்தான் பெயர் ஆயிற்று. "ராபர்ட் விழுந்த அன்றைக்கு இவள் அவனைத் தனியாகக் கராஜுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்," என்று கயலைக் காட்டினார். "ராபர்ட் ஆறடி. இவளைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பெயரோடு பிறந்த என் பிள்ளைகளில் ஒருவனும் அதைச் செய்திருக்க மாட்டான்." சொல்லி முடித்ததும் பிஸ்கோத்து டப்பாவை எடுத்துக் கயல் பக்கம் நகர்த்தி வைத்தார். நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

அடக்கம் சனிக்கிழமை. கயல் கோடிப் புடவையைக் கட்டிக்கொண்டாள், உள்ளே கம்பளி, மேலே ராபர்ட்டின் கோட்டு. பொட்டை எடுக்க வேண்டாமா என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அது அவருக்குப் பிடிக்கும் ஆன்ட்டி," என்று கயல் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சர்ச்சில் பாதிரியார் நல்ல மனிதர், குரல் கணீரென்று இருந்தது. ஆனால் ஆரம்பமே, "நம் சகோதரர் ராபர்ட் டால்ஸீல்" என்றார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "அப்படித்தான் சொல்ல வேண்டுமா?" "எனக்குத் தெரியாது, நான் ராப் என்றே கூப்பிடுவேன்" என்று கிசுகிசுத்தார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து மீரா எழுந்தாள். "டீயெல்," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "என் அப்பாவின் பெயர் டீயெல்." பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பிரார்த்தனை முழுக்க அந்தப் பெயரைத் தேவைக்கு அதிகமாகவே சொன்னார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த கயல் அப்போதுதான் உடைந்தாள். பத்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் தினமும் கேட்ட திருத்தம் அது. இனி அதைச் சொல்ல ஒரு குழந்தைதான் மிச்சம்.

இடுகாடு ஊருக்கு வெளியே ஒரு சரிவில் இருந்தது. இயந்திரத்தால் வெட்டிய குழி, ஓரங்கள் கத்தியால் வெட்டினது போல நேராக. பச்சை நிறப் பாயைப் போட்டு மண்ணை மறைத்து வைத்திருந்தார்கள். நான் ஒரு பிடி மண் போடலாம் என்று பார்த்தால் மண் இறுகிக் கட்டியாக இருந்தது. பக்கத்துக் கல் ராபர்ட்டின் அப்பாவுடையது. பார்த்துக்கொண்டே வந்தவன் திடுக்கிட்டுப் போனேன். அவர் பெயருக்குக் கீழே மார்கரெட்டின் பெயர் இருந்தது. பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அப்புறம் வெறுமை. அந்த மார்கரெட் எனக்குப் பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். "இங்கே இது வழக்கம்," என்றார். "வருடத்துக்கு இரண்டு முறை வந்து புல் பிடுங்கிவிட்டுப் போவேன். என் இடம் எனக்குத் தெரியும். அது ஒரு நிம்மதி." உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால்கூட எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள்.

சர்ச்சுக்குத் திரும்பி வந்ததும் நேராகச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் குளிக்கவில்லை. பிணத்தோடு போய்விட்டு வந்து தலைக்கு ஊற்றாமல் சாண்ட்விச்சா? நான் சர்ச்சின் கழிவறைக்குப் போய்க் குழாயில் தலையை நீட்டினேன். தலை துடைக்கக் காகிதம்தான் இருந்தது. முடியெல்லாம் காகிதத் துணுக்கோடு வெளியே வந்தவனைப் பார்த்துச் செந்தில், "எனக்கும் அதேதானுங்ணா தோணுச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நாள்கள் போயின. பனி மறுபடி பெய்தது, அள்ளின பாதிக்கும் அள்ளாத பாதிக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. நான் வந்த வேலையைப் பேச வேண்டியிருந்தது. அம்மா தினமும் போனில், "கேட்டியா சாமி?" என்றாள். ஒரு மத்தியானம் மீரா பள்ளிக்கூடம் போனபின், கயல் அலுமினியத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "கண்ணு, ஊருக்கு வந்துரு. மாப்பிள்ளையே போயிட்டாரு, இனி இங்க யாரு இருக்கறா? நம்ம வீடு இருக்குது. மீராவ நல்ல ஸ்கூல்ல சேத்தலாம். நீ எங்க புள்ள."

அவள் குழாயை மூடினாள்.

"அண்ணா, கல்யாண மண்டபத்துல அருமைக்காரர் கேட்டது ஞாபகம் இருக்குதுங்களா? மாப்பிள்ளை என்ன கூட்டம்னு?"

இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஒவ்வொரு வம்சமும் ஒரு கூட்டம். ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது. கல்யாணம் ஆன பெண் புருஷன் கூட்டத்தைச் சேர்ந்துவிடுவாள். கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரருக்குக் கூட்டத்தின் பெயர் தெரியாமல் காரியம் நகராது. வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கு எங்கே போக? சபையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அப்பா எழுந்து நின்று, "டீயெல் கூட்டம்" என்றார். மண்டபம் சிரித்தது. அருமைக்காரரும் அதையே மைக்கில் சொல்லிவிட்டார்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அவரும் சிரிக்கலீங்ணா," என்றாள். "அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம்மளுக்கும் ஒரு கூட்டம் குடுத்துட்டாங்கன்னு வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் சொல்லுவாரு."

"அது ஒப்புக்குச் சொன்னது, கண்ணு."

"உங்களுக்கு ஒப்புக்கு. அப்பா செத்தப்ப நான் ஓடி வந்தனே, என்னை எங்க நிக்க வெச்சீங்க? பங்காளிக எல்லாம் உள்ள நின்னாங்க. பெரியப்பா என்னைப் பாத்து, நீ வேற கூட்டத்துப் புள்ள அம்மிணி, வெளிய நில்லுன்னாரு. கோயில் பொங்கலுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. சரின்னு நின்னேன். வழக்கம்னா வழக்கம். இப்ப அவரு போயிட்டாருன்னதும் நான் திரும்ப நம்ம கூட்டம் ஆயிருவனா? அப்படி ஒரு வழக்கம் இருந்தா சொல்லுங்ணா, இன்னைக்கே பொட்டி கட்டறேன்."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை. புருஷன் செத்தாலும் பெண் அந்தக் கூட்டம்தான். எத்தனையோ கருமாதிப் பத்திரிகை அடித்தவன் நான், எனக்குத் தெரியாதா? எங்கள் வழக்கத்தை எங்களைவிட அவள்தான் உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கல்லறைக் கல் வெட்டும் கடைக்கு மார்கரெட்டின் பழைய காரில் போனோம். கடைக்காரர் பருத்த ஆள், கம்பீரமான மீசை, வாயில் சூயிங்கம். கறுப்புக் கல் ஒன்றைத் தட்டிக் காட்டி, இதுதான் நிறையப் பேர் கேட்பது, இந்தியாவிலிருந்து வருகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் லாரி லாரியாக ஏற்றிப் போகும் அதே கல் போலத்தான் இருந்தது. எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஒருவர் பெயரா, இருவர் பெயரா?" என்று கேட்டார் அவர், ஏதோ காபிக்குச் சர்க்கரை கேட்பது போல.

"இருவர்," என்றாள் கயல்.

மார்கரெட் அவள் தோளில் கை வைத்தார். கடைக்காரர் கணினியைத் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கயல் என்னைப் பார்த்தாள். "அண்ணா, ப்ரூஃப் நீங்க பாருங்க. நீங்க பாத்தா தப்பு இருக்காது."

வாழ்க்கை முழுக்க நான் செய்கிற வேலை அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே ராபர்ட்டின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே கயல்விழி டீயெல். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிறந்த வருடம் சரி. அப்புறம் சிறு கோடு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் அப்பா என்னிடம் அவளைத் தூக்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. "ஓகேவா?" என்றார் கடைக்காரர். ஏதாவது ஒரு தப்பு இருக்காதா, இதை நிறுத்திவிட மாட்டோமா என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். "ஓகே," என்றேன்.

அவர்கள் உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். வெளியே போய், நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் நின்று பேசினேன்.

"எப்பச் சாமி கூட்டிட்டு வர்றே?"

"அவ வரலீம்மா," என்றேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை. கல்லைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், பிறந்த வருடத்துக்குப் பக்கத்துச் சிறு கோட்டைச் சொன்னேன். நம் பக்கத்துக் கல்தான் என்றும் சொன்னேன், அதில் என்ன ஆறுதல் இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"அவொ பேரு மட்டுந்தானே?" என்றாள் அம்மா. "அந்தச் சின்னப் புள்ள பேரப் போடலீல்ல?"

"இல்லீம்மா. போடல."

"போடறதுக்கு எடம் கிடம் உட்டிருக்கறாங்களா, நல்லாப் பாத்தியா?"

நான் மறுபடி கடைக்குள் போனேன். திரையைக் காட்டச் சொன்னேன். நல்லாப் பார்த்தேன்.